விளையாட்டுல சீட்டு கிடைக்குமா, டீச்சர்?

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் உறுப்பினர்களிடம் பேசிய பேச்சின் எழுத்து வடிவம். பேச்சு முடிந்ததும் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளில் சில கடைசியில் உள்ளன.)



பேச்சாளர் என்று என்னை மேடையில் உட்கார வைத்துவிட்டீர்கள். முப்பது வருஷம் கிரவுண்டில் நின்று விசில் ஊதியவள் நான். மைக் பிடித்துப் பழக்கமில்லை. சத்தம் கூடிப் போனால் கையைக் காட்டுங்கள், குறைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் உங்கள் கூட்டமைப்புத் தலைவி எனக்குப் போன் செய்தார். "டீச்சர், நம்ம குழுக்களோட தீர்மானப் புத்தகத்துல புதுசா ஒரு காரணம் வருது. முன்னாடி கடன் கேட்டா மாடு வாங்க, வீடு மராமத்து, காது குத்துன்னு எழுதுவாங்க. இப்ப 'மகளின் விளையாட்டுச் செலவு', 'மகன் டோர்னமென்ட் செலவு'ன்னு எழுதுறாங்க. கொடுக்கலாமா வேண்டாமான்னு எங்களுக்குத் தெரியல. நீங்க வந்து பேசணும்" என்றார்.

கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெண் பிள்ளைக்கு ஷூ வாங்கக் கடன் கேட்ட அம்மாவை நான் பார்த்ததில்லை. "ஓடி ஆடி என்ன செய்யப் போற"ன்னு காதைத் திருகிக் கூட்டிப் போன அம்மாக்களைத்தான் பார்த்தேன். அந்த வகையில் நாம் ரொம்ப தூரம் வந்துவிட்டோம். ஆனால் சந்தோஷத்தோடு கூடவே ஒரு பயமும் வந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நான் செய்த தப்பு

1999-ஆம் வருஷம். என்னிடம் ஒரு பெண் வாலிபால் விளையாடினாள். நல்ல கை. எகிறி அடித்தால் எதிர்ப் பக்கம் இருக்கிற பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவளுடைய அம்மா சித்தாள் வேலை பார்த்தவர். உங்களைப் போல் ஒரு குழுவில் உறுப்பினர். பிளஸ் டூ படிக்கும்போது அந்த அம்மா வந்து, "டீச்சர், எந்நேரமும் பந்தோடயே கிடக்கா. படிப்பு போயிடுமோன்னு பயமா இருக்கு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கவலைப்படாதீங்கம்மா. இவளுக்குக் காலேஜ் சீட்டு என் பொறுப்பு."

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்த வருஷம் எங்கள் அணி மாநில அளவு வரைக்கும் போனது. அந்த மயக்கம்தான்.

மே மாதம் ஒரு கல்லூரியில் செலக்‌ஷன். நானே கூட்டிப் போனேன். எண்பது பிள்ளைகளுக்கு மேல் வந்திருந்தார்கள். அந்தக் கல்லூரிக்கு அந்த வருஷம் தேவைப்பட்டது பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் ஒருத்தி, உயரமான தடுப்பாட்டக்காரி இரண்டு பேர். எங்கள் பிள்ளை அடிக்கிறவள், உயரமும் நடுத்தரம். அரை மணி நேரத்தில் "போகலாம்" என்று சொல்லிவிட்டார்கள். வேறு இரண்டு இடத்துக்குப் போனோம். அங்கேயும் அதே கதை. மார்க்கும் குறைவு, அதனால் சாதாரண வழியிலும் கேட்ட பாடம் கிடைக்கவில்லை.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "நீங்க சொன்னீங்களே டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளை ஜூன் மாதம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

அவள் விளையாடியது தப்பில்லை. கணக்குச் சொல்லாமல் நான் வாக்குக் கொடுத்ததுதான் தப்பு. அதனால் இன்றைக்கு உங்களிடம் கணக்கைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

முதலில் கணக்கு

நீங்கள் எல்லோரும் வரவு செலவு எழுதுகிறவர்கள். இதையும் எழுதிப் பாருங்கள்.

வாலிபாலையே எடுத்துக்கொள்வோம். ஓர் அணிக்கு 12 பேர். பள்ளிக்கூடத்துப் போட்டி முதலில் குறுவட்ட அளவில் நடக்கிறது. அதில் ஜெயித்து வருவாய் மாவட்ட அளவு, அப்புறம் மாநில அளவு. ஒரு பேச்சுக்கு, ஒரு மாவட்டத்தில் ஒரு வயதுப் பிரிவில் 60 பள்ளிகள் பெண்கள் அணி அனுப்புகிறது என்று வையுங்கள். 60 பெருக்கல் 12, எழுநூற்று இருபது பிள்ளைகள். தமிழ்நாட்டில் 38 மாவட்டம். மொத்தம் 27,360 பிள்ளைகள் ஆகிறது. மாவட்டத்துக்கு ஓர் அணி மாநிலத்துக்குப் போனால் 456 பேர். அந்த 456 பேரிலிருந்து தேசியப் போட்டிக்குப் போகிற தமிழ்நாடு அணி எத்தனை பேர்? 12 பேர்.

இப்போது கல்லூரிப் பக்கம் பாருங்கள். ஒரு கல்லூரி அணியிலும் 12 பேர்தான். மூன்று வருஷப் படிப்பு. அப்படியானால் வருஷத்துக்கு வெளியே போகிறவர்கள் சுமார் நாலு பேர். அந்த நாலு இடமும் எல்லோருக்கும் பொதுவான இடம் இல்லை. செட்டர் போனால் செட்டர் வேண்டும். கபடியில் நல்ல ரைடர் நாலு பேர் ஏற்கெனவே இருந்தால் அவர்கள் தேடுவது காலைப் பிடிக்கிற பிள்ளையை. அன்றைக்கு உங்கள் மகள் எவ்வளவு நல்ல ரைடராக இருந்தாலும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். பிள்ளைக்குத் திறமை இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அங்கே அந்த இடம் காலியில்லை, அவ்வளவுதான். இதை அம்மாவும் தெரிந்துகொள்ள வேண்டும், பிள்ளைக்கும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு செலக்‌ஷனில் "போகலாம்" என்று சொன்னதும் பிள்ளை உடைந்து போகும்.

நம்ம ஊரில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது அமெரிக்காவில் குடியிருக்கிறாள். அவள் மகன் பேஸ்பால் விளையாடுகிறான். நம்ம கிட்டிப்புள் மாதிரி கட்டையால் அடித்து ஓடுகிற ஆட்டம். அங்கேயும் 'விளையாட்டில் ஃப்ரீ சீட்டு' என்று அப்பா அம்மாவெல்லாம் கனவு காண்கிறார்களாம். ஊர் ஊராகப் போட்டிக்குக் கூட்டிப் போய், தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டிச் செலவழிக்கிறார்களாம். ஆனால் பள்ளியில் பேஸ்பால் விளையாடுகிற நூறு பேரில் பத்துப் பேர்கூட அங்கே உள்ள பெரிய கல்லூரிச் சங்கத்தின் போட்டிகளில் ஆடுகிற நிலைக்குப் போவதில்லை. மேல்தட்டுக் கல்லூரி ஒன்று 2025 வரைக்கும் தன் பேஸ்பால் அணி முழுவதுக்கும் சேர்த்துக் கொடுக்க முடிந்தது 11.7 பேருக்கான உதவித்தொகை. அணியிலோ முப்பது பேருக்கு மேல். ஒரு சோற்றைப் பத்துப் பேர் பங்கு போட்ட கதை. மீதிப் பணம் பெற்றவர்கள் கையிலிருந்துதான் போனது. அப்புறம் விதி மாறியது, அணிக்கு 34 பேர் என்று உச்சவரம்பு வந்தது. உதவித்தொகைக்கு இருந்த கட்டு தளர்ந்தது, ஆனால் அணியில் நுழைகிற வாசல் குறுகியது. "டீச்சர், நான் இங்க வந்தும் நீங்க அன்னைக்கு சொன்ன கணக்கைத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள் அந்தப் பெண்.

இருக்கிற கதவுகள்

கணக்கைச் சொல்லி உங்களைப் பயமுறுத்திவிட்டு இறங்க மாட்டேன். கதவுகள் இருக்கின்றன. எந்தக் கதவு எவ்வளவு அகலம் என்று தெரிந்து தட்ட வேண்டும்.

ஒன்று, விளையாட்டு விடுதி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிறது. 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேரப் போகிற பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கோடைக் காலத்தை ஒட்டி மாவட்ட விளையாட்டரங்கில் தேர்வு வைக்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். பிளஸ் டூ முடிந்து கல்லூரி வாசலில் நிற்கிறதைவிட ஏழாம் வகுப்பில் இங்கே முயற்சி செய்வது எவ்வளவோ மேல். மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பார்த்துத் தேதியைக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இரண்டு, அரசு நடத்துகிற கலந்தாய்வு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மருத்துவத்தில் எம்.பி.பி.எஸ். 7 இடம்தான். தமிழ்நாடு முழுமைக்கும் ஏழு! அதுவும் நீட் தேர்ச்சி பெற்றிருந்தால்தான். அந்த ஏழு இடத்துக்கு வருகிறவர்கள் சர்வதேசப் போட்டி, தேசியப் பதக்கம் என்று வைத்திருப்பார்கள். மாவட்ட அளவுச் சான்றிதழை வைத்துக்கொண்டு டாக்டர் சீட்டுக் கனவு காண வேண்டாம். அரசு கலைக் கல்லூரிகளிலும் சிறப்பு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாடியே நடந்துவிடும். தேதியைத் தவறவிட்டால் சான்றிதழ் பெட்டியிலேயே கிடக்கும்.

மூன்று, தனியார், உதவி பெறும் கல்லூரிகள். நிறையப் பேர் நல்ல அணி வைத்திருக்கிறார்கள். விளையாடுகிற பிள்ளைக்குக் கட்டணத்தில் சலுகை தருகிறார்கள். ஆனால் 'ஃப்ரீ சீட்டு' என்றால் என்ன என்று முதலிலேயே கேட்க வேண்டும். படிப்புக் கட்டணம் மட்டுமா, விடுதி வாடகையும் சேர்த்தா? சாப்பாட்டுக் கட்டணம் யார் கட்டுவது? பரீட்சைக் கட்டணம்? போட்டிக்குப் போக வர பஸ் செலவு? ஒரு வருஷத்துக்கு மட்டுமா, மூணு வருஷத்துக்குமா? அடிபட்டு ஆட முடியாமல் போனால் சலுகை நிற்குமா? இதையெல்லாம் எழுதி வாங்குங்கள். நாம் குழுவில் நூறு ரூபாய்க்கு ரசீது எழுதுகிறோம். லட்ச ரூபாய் விஷயத்தில் "சார் வாயால சொன்னாரு" என்று வரலாமா?

நான்கு, வேலை. தமிழ்நாடு அரசு வேலைகளில் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இடஒதுக்கீடு. காவலர் தேர்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 10 சதவீதம். ரயில்வே, தபால் துறையிலும் எடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சப் படிப்பும் வயது வரம்பும் உண்டு. பத்தாம் வகுப்பையோ பிளஸ் டூவையோ பாதியில் விட்ட பிள்ளைக்கு இந்தக் கதவுகளில் பல திறக்காது.

ஐந்தாவதாக ஒன்று சொல்கிறேன், இதை நிறைய அம்மாக்கள் மறந்துவிடுகிறார்கள். விளையாட்டே இல்லாமல் திறந்திருக்கிற கதவு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கில் வருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் சேருகிற பிள்ளையின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. விளையாட்டில் 456 பேரோடு மோதி ஒரு சீட்டு வாங்குவதைவிட, பரீட்சையில் கூட நாற்பது மார்க் வாங்கினால் பக்கத்துக் கதவு தானாகத் திறக்கலாம். இரண்டு கதவையும் தட்டச் சொல்லுங்கள்.

எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

பள்ளிக் கல்வித் துறை நடத்துகிற குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி, அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் நடத்துகிற மாநில, தேசியப் போட்டிகள். இந்தச் சான்றிதழ்களைத்தான் அதிகாரிகள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். அதிலும் கலந்துகொண்டதற்கு ஒரு புள்ளி, ஜெயித்ததற்கு ஒரு புள்ளி. குறிப்பிட்ட வருஷங்களுக்குள் வாங்கியதா என்றும் பார்ப்பார்கள். எட்டாவதில் வாங்கிய கோப்பையைக் காட்டினால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு அம்மா ஒரு பை நிறையச் சான்றிதழோடு என் வீட்டுக்கு வந்தார். தங்க நிறத்தில் எழுத்து, பெரிய முத்திரை, 'தேசிய அளவு', 'சர்வதேச அளவு' என்று போட்டிருந்தது. வெளிமாநிலத்துக்கு ஒரு தடவை, நேபாளத்துக்கு ஒரு தடவை பிள்ளையை அனுப்பியிருக்கிறார். நுழைவுக் கட்டணம், சீருடை, ரயில் என்று ஒவ்வொன்றுக்கும் கடன். இரண்டாவது பயணத்துக்கு மட்டும் குழுவில் 18,000 ரூபாய் உள்கடன். சரிபார்ப்பில் அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டார்கள். அந்தப் போட்டியை நடத்திய அமைப்புக்கு அங்கீகாரமே இல்லை. பணம் கட்டிய எல்லோரையும் கூட்டிப் போய் ஆளுக்கொரு பதக்கம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பையில் செல்லுபடியானது ஒரே ஒரு சான்றிதழ். பள்ளிக்கூடத்து மாவட்டப் போட்டியில் அவள் வாங்கிய வெள்ளி. அதற்கு ஆன செலவு டவுன் பஸ் டிக்கெட்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுப் போட்டி வைக்காமல், பணம் கட்டினால் போதும் கூட்டிப் போகிறோம் என்று யார் சொன்னாலும் அது சுற்றுலா. சுற்றுலாவுக்குப் போக ஆசையிருந்தால் போகட்டும். சீட்டுக்காக என்று கடன் எழுத வேண்டாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எனக்கு ஆள் தெரியும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வாங்கித் தர்றேன், இவ்வளவு கொடுங்க" என்று வருவார்கள். சான்றிதழையே தயார் செய்து தருகிறேன் என்பார்கள். போலிச் சான்றிதழ் பிடிபட்டால் சீட்டு போகும், வழக்கு வரும், பிள்ளையின் பெயர் கெடும். தரகருக்கு ஒன்றும் ஆகாது, அவன் நம்பரை மாற்றிக்கொள்வான்.

எதற்குச் செலவு செய்யலாம்?

"அப்ப கடனே கொடுக்கக் கூடாதா டீச்சர்?" என்று கேட்பீர்கள். கொடுங்கள். நல்ல ஷூவுக்குக் கொடுங்கள். கிழிந்த ஷூவில் ஓடிய பிள்ளைகளின் முட்டியை நான் பார்த்திருக்கிறேன். தினம் ஒரு முட்டை, கைப்பிடி நிலக்கடலை, ஒரு டம்ளர் பால். இதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள். நம்ம பெண் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இரத்தசோகை. மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் சோம்பேறி என்று திட்டாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பாருங்கள். பள்ளியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக வீசாமல் சாப்பிடச் சொல்லுங்கள். கடையில் டப்பா டப்பாவாக விற்கிற சத்துமாவு, ஊசி, மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் "எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் செல்லாது. பல வருஷத் தடை விழும்.

எதற்குக் கடன் வேண்டாம்? சீட்டு வாங்கித் தருகிறேன் என்பவனுக்கு. அங்கீகாரமில்லாத போட்டிக்கு. "மாசம் இவ்வளவு கட்டினா மாநில அணியில சேர்த்துடுவோம்" என்கிற பயிற்சி மையத்துக்கு. பயிற்சிக்கு வேண்டுமானால் பணம் கட்டலாம். முடிவுக்குப் பணம் கட்ட முடியாது.

ரேவதியின் பாட்டி

மதுரை ரேவதி வீரமணி பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்பா அம்மா சின்ன வயதிலேயே இல்லை. பாட்டி ஆரம்மாள் கூலி வேலை செய்து வளர்த்தார். பேத்திகளை வேலைக்கு அனுப்பச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்கவில்லை, படிக்க வைத்தார். வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்தவர் பயிற்சியாளர் கண்ணன். ஓட்டத்துக்கு அனுப்ப முதலில் பாட்டிக்குத் தயக்கம். கண்ணன்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடம் கிடைக்க வழி செய்தார். ரயில்வேயில் வேலை கிடைத்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்ட அணியில் ரேவதி ஓடினார்.

இந்தக் கதையைக் கேட்டதும் நம்ம பிள்ளையும் ரேவதி ஆகிவிடும் என்று தோன்றும். ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் கதையில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பாட்டி யாருக்கும் பணம் கட்டி வாய்ப்பு வாங்கவில்லை. பிள்ளை ஓடிய வேகம் வாய்ப்பைக் கொண்டு வந்தது. பாட்டி செய்த பெரிய காரியம், பேத்தியைப் படிப்பிலிருந்து நிறுத்தாதது. பள்ளியை விட்டிருந்தால் எந்தக் கண்ணனும் அவளைக் கல்லூரியில் சேர்த்திருக்க முடியாது.

பெண் பிள்ளைகள் விஷயம்

இதைச் சொல்லாமல் இறங்கினால் என் மனசு கேட்காது. பிள்ளையை யாரோடு அனுப்புகிறோம் என்று பாருங்கள். வெளியூர்ப் போட்டி என்றால் கூட ஒரு ஆசிரியையாவது போகிறாரா, எங்கே தங்குகிறார்கள், எந்த நம்பரில் பேசலாம் என்று கேட்டு எழுதி வையுங்கள். "நீ ஒத்துழைச்சா அணியில போடுறேன்" என்று எவன் சொன்னாலும் அது குற்றம். பிள்ளை வந்து சொன்னால் முதலில் நம்புங்கள். "நீ என்ன பண்ணின" என்று கேட்காதீர்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இரண்டும் இலவச எண்கள். அதே நேரம், இதற்குப் பயந்து பிள்ளையை வீட்டுக்குள் பூட்டவும் வேண்டாம். தப்புச் செய்கிறவனைக் கிரவுண்டை விட்டு வெளியே அனுப்புவோம். நம்ம பிள்ளை உள்ளேயே இருக்கட்டும்.

கேள்வியும் பதிலும்

"என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. நல்லா ஓடுறா. இப்பவே என்ன செய்யணும்?"

பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் 100 மீட்டர், 400 மீட்டர் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். போன வருஷம் மாவட்டத்தில் முதலில் வந்த பிள்ளையின் நேரத்தையும் கேளுங்கள். கடிகாரம் முகத்தாட்சண்யம் பார்க்காது. பக்கத்தில் வருகிற மாதிரி இருந்தால் ஏழாம் வகுப்புக்கு விளையாட்டு விடுதித் தேர்வுக்குக் கூட்டிப் போங்கள். இல்லாவிட்டாலும் ஓடட்டும். உடம்புக்கு நல்லது, தைரியம் வரும்.

"எல்லாரும் கபடி, வாலிபால்னு போறாங்க. கூட்டம் இல்லாத விளையாட்டுல சேர்த்தா சீக்கிரம் சர்டிபிகேட் கிடைக்குமாமே?"

கேள்விப்பட்டிருக்கிறேன். சாஃப்ட்பால், பேஸ்பால், வாள்சண்டை என்று போகிறார்கள். பிள்ளைக்குப் பிடித்திருந்து, சொல்லிக் கொடுக்க ஆளும் இருந்தால் நல்ல வழிதான். ஆனால் சேர்ப்பதற்கு முன்னாடி இரண்டு கேள்வி. அந்த விளையாட்டு கலந்தாய்வுப் பட்டியலில் இருக்கிறதா? நம்ம பிள்ளை சேர விரும்புகிற கல்லூரியில் அந்த அணி இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' வராவிட்டால் சான்றிதழ் இருந்தும் போய் நிற்க வாசல் இருக்காது.

"கோச் சார், பிளஸ் டூ வருஷம் டியூஷனை விடச் சொல்றாரு."

அவரிடமே கேளுங்கள், "சீட்டு கிடைக்கலைன்னா இவ மார்க்குக்கு நீங்க பொறுப்பா சார்?" என்று. நான் ஒரு காலத்தில் "பொறுப்பு" என்று சொன்னவள். பொறுப்பேற்க என்னால் முடியவில்லை. டிசம்பர் வரைக்கும் ஆட்டம், ஜனவரியிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி மட்டும், மீதி நேரம் புத்தகம். இதுதான் என் பிள்ளைகளுக்கு நான் பிற்காலத்தில் வைத்த கணக்கு.

"முட்டியில அடிபட்டு என் மக ஆறு மாசமா விளையாடல. அழுதுக்கிட்டே இருக்கா."

முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் தேய்த்து உருவி விடுவதோடு நிறுத்த வேண்டாம். சரியாகாமல் களத்தில் இறங்கினால் திரும்ப அடிபடும். அழட்டும் அம்மா, பக்கத்தில் உட்காருங்கள். "போனா போகுது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அவளுக்கு அது போனா போகிற விஷயம் இல்லை.

முடிவாக ஒரு வார்த்தை

பனியன் கம்பெனிக்குப் போன அந்தப் பெண்ணின் கதை அங்கேயே முடியவில்லை. இன்றைக்கு அவள் அதே கம்பெனியில் ஒரு பிரிவுக்கு மேற்பார்வையாளர். முப்பது பேர் அவள் பேச்சைக் கேட்கிறார்கள். பொங்கல் போட்டியில் வலை கட்டினால் இன்னும் முதல் ஆளாக இறங்குகிறாளாம். நான் வாக்குக் கொடுத்த காலேஜ் மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கடன் என் பேரில் பாக்கி இருக்கிறது.

போன வருஷம் அவள் எனக்குப் போன் செய்தாள். "டீச்சர், என் பொண்ணு எட்டாவது. வாலிபால்ல சேர்ந்திருக்கா. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன். கையைப் பாருங்க. ஆனா இந்தத் தடவை கணக்கைச் சொல்லிட்டு அப்புறம் பந்தைக் கொடுங்க."

வந்தார்கள். அம்மாவையும் மகளையும் திண்ணையில் உட்கார வைத்து, இப்போது உங்களுக்குச் சொன்ன 27,360, 456, 12 எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் காட்டினேன். அந்தச் சின்னப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி டீச்சர், இப்ப ஆடலாமா?" என்றாள்.

ஆடட்டும். கணக்குத் தெரிந்து ஆடட்டும். புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஆடட்டும். சீட்டு கிடைத்தால் எல்லோருக்கும் சாக்லேட் வாங்கிக் கொடுப்போம். கிடைக்காவிட்டாலும் அந்தப் பிள்ளை வெறுங்கையோடு நிற்காதபடி நாம் பார்த்துக்கொள்வோம்.



குழுக் கூட்டத்தில் படித்துக் காட்ட:

1. விளையாட்டுச் செலவுக்குக் கடன் கேட்டால், எதற்கு என்று பிரித்து எழுதுங்கள். ஷூ, உணவு, மருத்துவம், அங்கீகாரமுள்ள போட்டிக்கான பயணம் ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம்.
2. சீட்டு, வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவருக்குக் கொடுக்கக் கடன் இல்லை என்று தீர்மானம் போடுங்கள்.
3. வெளியூர்ப் போட்டிக்கு முன் அதை நடத்தும் அமைப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள்.
4. கல்லூரி தரும் சலுகை எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள்.
5. சான்றிதழ்களின் அசல், மூன்று நகல் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து, உறை மேல் வருடத்தை எழுதுங்கள்.